மேட்டில் வெட்டிய வழி

மறுபடியும் வெட்டியிருந்தான். தேநீர்க் கடைக்கு நேராக, மணல்மேட்டின் நடுவில், நேற்று ஆள் நுழைகிற அகலத்துக்கு இருந்த வழி இன்று வண்டியே போகும் போல ஆகியிருந்தது. கையில் துடைப்பத்தோடு அவள் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள்.

மேட்டைப் போட்டவன் அவள் புருஷன். கரைப் பராமரிப்பில் லோடர் ஓட்டுகிறான். கடல் இந்தப் பக்கம் தின்று அந்தப் பக்கம் துப்புகிற மணலை லாரிகள் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும். அவன் அதைத் தள்ளி, ஒதுக்கி, தெருவுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேடாக்குவான். கொந்தளிப்புக் காலம் முடிவதற்குள் பாதி போய்விடும். மணலைத் தின்கிறவரைக்கும் சுவரைத் தின்னாது, தின்னட்டும் என்பான். அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து.

வெட்டுகிறவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி. பக்கத்து மனையில் கடை வைத்திருக்கும் அவளுடைய கொழுந்தன். கடல் பார்க்க வந்தவர்கள் மண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம், கடை காற்று வாங்குகிறதாம். அண்ணன் லோடரால் மூடுவான், தம்பி மண்வெட்டியால் திறப்பான். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரு வயிற்றில் பிறந்துவிட்டுச் சண்டை எதற்கு என்பது அவள் புருஷனின் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மைக்கு அவள் வீடா இளிச்சவாய்?

அன்று கடல் சீறும் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். புருஷனை லோடரோடு கரையின் அடுத்த கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். அவளே கடைக்குப் போனாள். கொழுந்தன் நாற்காலி போட்டான், தேநீர் நீட்டினான். அவள் தொடவில்லை.

"சாயங்காலம் கூட்டம் வரும் அண்ணி. அது போனதும் நானே மூடிடறேன்."

"உன் கடை உசரத்துல இருக்கு. தண்ணி திரும்பினா எங்க போகும்?"

அவன் சிரித்தான். அலை என்ன விலாசம் விசாரித்துக்கொண்டா வரும் என்று கேட்டான்.

வந்தது. கூட்டம் தேநீரும் கையுமாக அலையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, மாலை வெளிச்சத்திலேயே வந்தது. தெரு நீளத்துக்கும் மேடு தாங்கியது. அந்த வழியில் மட்டும் கடல் உள்ளே புகுந்து, கடையின் உயரமான அடித்தளத்தில் மோதி, திரும்பி, நேரே அவள் வீட்டுக்குள் போனது. மகளை இழுத்துக்கொண்டு அவள் வெளியே ஓடிவரவும் முன்சுவர் சரியவும் சரியாக இருந்தது.

விடிந்தபோது கட்டில் முழங்கால் ஆழ மணலுக்குள் கிடந்தது. அடுப்பு எங்கே என்றே தெரியவில்லை. கொழுந்தன் மண்வெட்டியோடு உதவிக்கு வந்து நின்றான். அதே மண்வெட்டி.

"கடல் செஞ்சதுக்கு யாரு என்ன பண்ண முடியும் அண்ணி."

"கடல் மேல பழி போடாத. கடலு மண்வெட்டி வச்சிருக்கல."

அவள் திரும்பி உள்ளே போனாள். வீட்டுக்குள்ளிருந்த மணலைச் சட்டியில் அள்ளிக் கொண்டுபோய்க் கடையின் மேசைகளில் கொட்டினாள். நாற்காலிகளில் கொட்டினாள், வாசற்படியில் கொட்டினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. கண்ணாடிக் குவளைகள் உருண்டு விழுந்தன. அவன் தடுக்கவில்லை, ஒதுங்கி நின்றான்.

அப்போதுதான் லோடர் வந்தது. முன்னால் தூக்கிய இரும்பு பக்கெட் நிறைய மணல். ஒரு பக்கம் கடை, மறுபக்கம் திறந்து கிடந்த வழி. நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான் புருஷன். சரிந்த சுவரைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். வழிக்கு அப்பால் கடல் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"அண்ணா," என்றான் தம்பி.

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இருக்கையிலிருந்து குனிந்து பெண்டாட்டியைக் கேட்டான்.

"எங்க கொட்டணும், சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவன் அவளை எதையும் கேட்டதில்லை. காலிச் சட்டியோடு அவள் நடுத்தெருவில் நின்றாள். தூக்கிய பக்கெட்டின் ஓரத்திலிருந்து ஈர மணல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அவள் காலடியில் விழுந்துகொண்டிருந்தது.