இரண்டாவது வரிசையில் இறந்தவர்

1
இந்தக் கதை ஒரு நிமிட மௌனத்தில் பிறந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், நான் இரவுப் பணி பார்த்துப் பாதியில் விட்டுவந்த மருத்துவமனையில். யாருக்காக எல்லோரும் எழுந்து நின்றார்களோ, அந்தப் பெண் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் எழுதிய வரி: ‘வெர்டெல் ஹட்சின்ஸ் என்னும் மாபெரும் தலைவி தன் வாழ்நாள் முழுவதும்...’

அடித்துவிட்டேன். அது இரங்கல் உரையின் குரல்.

2
வெர்டெல் தலைமைச் செவிலி. செவிலியர் இயக்குநராக வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் வேலை கற்றுக்கொடுத்தவர். அந்த நாற்காலி மட்டும் இந்தக் கறுப்புப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அவர் வளர்த்துவிட்ட ரெனிட்டா பிராட்நாக்ஸுக்கு இப்போது கிடைக்கப்போகிறது. அங்கே அதில் உட்காரும் முதல் கறுப்புப் பெண் அவள்தான்.

செத்தபின் வைக்கும் பூவை யார் முகர்வது என்று, வெர்டெலின் தேவாலயத்துப் பெண்கள் வெள்ளை உடுத்தி அவருக்கு ஒரு பாராட்டு ஆராதனை நடத்தினார்கள். அழைப்பு அட்டையில் அவர் படம், கீழே ‘உதயம்’ என்று பிறந்த தேதி. அவர்களுடைய அடக்க ஆராதனை அட்டையும் இப்படித்தான் இருக்கும். ‘அஸ்தமனம்’ என்று இன்னொரு தேதி கூடுதலாக இருக்கும். அந்த அட்டையைப் பார்த்த நிர்வாகத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெர்டெல் அப்போது விடுப்பில் இருந்தார். இறந்துவிட்டார் என்றே நினைத்து, அவர் பெயரில் நினைவு விருது அறிவித்துவிட்டார்கள்.

(யாரும் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடவில்லையா என்று கேட்பீர்கள். நம்பும்படியாக ஒரு காரணம் கட்டிப் பார்த்தேன். வேண்டாம். யாரும் கூப்பிடவில்லை.)

3
விருது விழா மண்டபத்து வாசலில், வெர்டெலும் ரெனிட்டாவும்:

“நான் செத்துட்டேனாமே, எப்ப கண்ணு? முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல தொப்பியா போட்டுட்டு வந்திருப்பேன்.”

“சிரிக்காதீங்க மிஸ் வெர்டெல். இப்பவே போய் சொல்றேன்.”

“சொல்லு. ஊர் முன்னாடி அவங்க மூஞ்சியில கரியப் பூசு. அப்புறம் நாற்காலியத் துடைச்சு உனக்குப் போடுவாங்களா?”

“அதுக்காக உங்களப் புதைக்கச் சொல்றீங்களா?”

“இத்தன வருஷத்துல என் பேர ஒருத்தனும் மைக்குல சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, போ.”

ரெனிட்டா அவர் கையைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது. (இந்த வரி மலிவு. ஆனால் எடுக்க முடியவில்லை.)

4
பக்கத்து இருக்கைக்காரர் தன் கோட்டைக் கழற்றி வெர்டெலின் மடியில் போட்டார், காலி இருக்கையில் போடுவதுபோல. வெர்டெலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

வெர்டெல் அதை எடுத்து வீசுவதாக எழுதினேன். மறுநாள் படித்தபோது அந்த வாக்கியம் இல்லை. நான் அழிக்கவில்லை. மறுபடியும் எழுதினேன். ‘வெர்டெல் கோட்டை எடுத்து...’

அதற்குமேல் நகரவில்லை.

5
மௌனம் முடிந்தது. “ஹட்சின்ஸின் மாணவியே நம் புதிய இயக்குநர்” என்று மருத்துவமனைத் தலைவர் அறிவித்து, விருதை ரெனிட்டாவின் கையில் கொடுத்தார்.

நான் எழுதிய ஒரு முடிவில், ரெனிட்டா “அவங்க உயிரோட இருக்காங்க, அதோ” என்கிறாள். யாரும் கைதட்டவில்லை. நாற்காலி போகிறது. இன்னொன்றில் நன்றி சொல்கிறாள். மண்டபமே கைதட்டுகிறது, வெர்டெலும் தட்டுகிறார், அந்தக் கைகளிலிருந்து மட்டும் ஓசை எழவில்லை.

இரண்டையும் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவது அவளுடைய வேலையைத் தின்கிறது, இரண்டாவது அந்தப் பெண்ணையே தின்கிறது. மூன்றாவது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல நடிக்கவும் மாட்டேன்.

ரெனிட்டா மைக்கின் முன்னால் வாயைத் திறந்துவிட்டாள். வெர்டெலைத் தேடுகிறாள். இரண்டாவது வரிசையில் அவள் கண் எங்கேயும் நிற்கவில்லை.

உங்களுக்கு அவர் தெரிகிறாரா? தெரிந்தால், எந்த இருக்கை என்று அவளுக்குச் சொல்லுங்கள்.