ஊதா பிரேக் ஆயில்

தெருவில் என் வீட்டுக்காரருக்கு "இன்ஜினியர்" என்று பெயர். பார்த்த வேலையென்னவோ நூலகத்தில். எந்தப் புண்ணியவான் அந்தப் பெயரை வைத்தானோ, அது கிண்டல் என்று இவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

அவருடைய கார் எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. அதை ஷெட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கி, பிரேக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டிருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தி இந்தக் காரில்தான் வீட்டுக்கு வர வேண்டுமாம். "அவளோட முதல் சவாரி தாத்தா வண்டியிலதான்" என்று கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். மகளும் போனில் "சரிப்பா" என்றாள். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

பழைய மாதிரி பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்டை அரித்துவிடுமாம். அதனால் ஊதா நிறச் சிலிக்கோன் ஆயிலுக்கு மாறுகிறாராம். ரப்பர்களைப் புதிதாக மாட்டினார், குழாய்களைக் கழுவிக் காயவைத்தார். அதுவரைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். கடைசிச் சக்கரத்துக்கு வரும்போது பாட்டிலில் ஊதா ஆயில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. கடைக்குப் போக மனிதருக்குச் சோம்பல். அலமாரியில் கிடந்த பழைய மஞ்சள் ஆயிலை எடுத்து அதே பாட்டிலில் ஊற்றினார். ஊதா மேலே, மஞ்சள் கீழே என்று இரண்டும் தனித்தனியாக நின்றன.

"ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குதேங்க" என்றேன்.

"குலுக்கினா சேரும்."

இருமல் மருந்தைப் போலக் குலுக்கினார். பாட்டில் முழுக்க நுரை.

"குலுக்கக் கூடாதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கு."

"அது விவரம் தெரியாதவங்களுக்குப் போட்டது" என்று சொல்லிவிட்டு, விவரம் தெரிந்த மகான் அந்த நுரையையே ஊற்றி வேலையை முடித்தார்.

மறுநாள் காலை மகளை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும், பச்சைக் குழந்தையை ஏற்றுவதற்கு முன்னால் நான் ஒரு சுற்று வந்து பார்க்கிறேன் என்று முன் சீட்டில் உட்கார்ந்தேன். ராஜா மாதிரி வண்டியைக் கிளப்பினார். தெரு இறக்கத்தில் கார் வேகம் பிடித்தது. பெடலை மிதித்தார். தலையணையை மிதித்த மாதிரி அது தரைவரைக்கும் போனது. மறுபடி மிதித்தார், மறுபடியும் அதே கதை. ஹேண்ட்பிரேக்கை நான்தான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை உருட்டிவிட்டு வண்டி நின்றது.

"நின்னுச்சா இல்லையா?" என்றார்.

"நல்லா நின்னுச்சு. அந்தத் தொட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க."

"உள்ள கொஞ்சம் காத்து நிக்குது. எடுத்துட்டா சரியாயிடும். அரை மணி நேரம் பொறு."

சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு டாக்சி பிடித்துப் போனேன்.

ஆஸ்பத்திரி அறையில் மகள் துணிமணியெல்லாம் எடுத்துவைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டையும் சேர்த்தே சொன்னேன்.

"நாங்க அப்பா கார்ல வர்றதாவே இல்லம்மா. நேத்தே டாக்சி சொல்லியாச்சு. உன் மாப்பிள்ளை கீழ நிக்கறார். அப்பா மனசு கஷ்டப்படுமேன்னு சும்மா சரின்னேன்."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? உங்களுக்காகத்தானே நான் அதுல ஏறினேன்? எனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எங்களுக்காகன்னா நீயும் ஒரு டாக்சி கூப்பிட்டிருக்கலாமேம்மா. நாள் முழுக்க அவரைக் கரிச்சுக் கொட்டற. அவர் ஓட்டற வண்டியில நீ ஏறுவேன்னு நான் கனவுலகூட நினைக்கல."

இவரை நம்பி எதிலும் ஏற மாட்டேன் என்றுதான் இத்தனை வருஷமாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.