பின்தங்கிய பகுதி அல்ல

அன்று காலை எட்டு மணிக்கே துரைசாமியை வீட்டுக்குப் பின்னால், பழுதாகி நின்ற லாரியின் மறைவில் கோணிப்பை விரித்து உட்கார வைத்தது அவர் மகள் தமிழரசிதான்.

"பன்னண்டு மணி வரைக்கும் இங்கயே இருப்பா. ஆபீசர் போனதும் நானே வந்து கூப்புடறேன்."

அவர் கோணிப்பையில் காலை நீட்டிக்கொண்டார். லோஹேகாவ் பக்கத்துக் கல் கிரஷரில் முப்பது வருஷம் தூசி தின்ற மனிதர். அவருக்குப் பேச்சுக்கு முன்னால் இருமல் வரும், இருமலுக்குப் பின்னால் சளி வரும். துப்புவதற்கு மண் போட்ட டால்டா டப்பா ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். ஆபீசர் கண்ணில் அந்த டப்பா படக்கூடாது என்றுதான் தமிழரசி முதலில் நினைத்தாள். டப்பாவை மறைக்கப் போய் ஆளையும் மறைக்க வேண்டியதாயிற்று.

மராத்திச் சீமையில், விஷ்ராந்த்வாடியிலிருந்து லோஹேகாவ் போகும் சாலையை ஒட்டி முந்நூறு குடிசை வீடுகள் கொண்ட வஸ்தி அது. பாதிக்கு மேல் தருமபுரிப் பக்கத்துச் சனம். ரோடு போட வந்து, கல் உடைக்க நின்று, அப்படியே தங்கிவிட்டவர்கள். தொண்ணூற்றிரண்டில் ஒரு டிரஸ்ட் அங்கே தகரக் கூரை போட்ட ஓர் அறையில் தவாகானா என்கிற சின்ன ஆஸ்பத்திரி திறந்தது. டாக்டர் சம்பளத்தில் பாதியும் மருந்து முழுவதும் மாநில அரசின் மானியம். அதற்கு முன்பெல்லாம் காய்ச்சல் என்றால் இரண்டு பஸ் மாறி சசூன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அன்றைய கூலி போய்விடும். இங்கே கேஸ் பேப்பர் என்கிற சீட்டுக்கு ஒரு ரூபாய், மருந்து சும்மா. துரைசாமி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அந்தச் சும்மா மருந்தில்தான். மாத்திரையும், வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்பும் மாதாமாதம் கிடைத்தன. கடையில் வாங்குவதென்றால் அந்த ஒரு பம்புக்கே மூன்று நாள் செங்கல் சுமக்க வேண்டும்.

தமிழரசி அந்தத் தவாகானாவில் ஆயா. மராத்திப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். கூட்டுவது, கேஸ் பேப்பர் எழுதுவது, டாக்டருக்கும் சனத்துக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வது எல்லாம் அவள் வேலை. வெள்ளைக் கோட்டுப் போட்டதும் வஸ்தி அவளைச் சிஸ்டர் என்றது. அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று அவளும் சொல்லவில்லை.

ஆறு வருஷம் மானியம் முன்னே பின்னே வந்தாலும் வந்துகொண்டிருந்தது. பிறகு புது உத்தரவு வந்தது. நிஜமாகவே பின்தங்கிய பகுதிக்குத்தான் இனி மானியம், அதிகாரி நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். தவாகானாவின் டாக்டர் ஷீலா ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் தட்டித் தட்டித்தான் வரும். தமிழரசியை அவள் 'தமிழ்' என்றே கூப்பிடுவாள்.

"தமிழ், ஆபீசர் வர்றாங்க. எல்லாம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். டீக் ஹை?"

தமிழரசி தலையாட்டினாள். ஆனால் அப்படியே என்ற சொல் அவள் காதில் ஏறவில்லை. பள்ளியில் இருந்த நாளில் அவள் தலையில் படிந்த கல்தூசியைப் பார்த்து டீச்சர் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தது இன்னும் உள்ளே கிடந்தது. மராத்திக்கார ஆபீசர் முன்னால் மூக்கொழுகும் பிள்ளைகளும் கிழிந்த நைட்டியும் நிற்பதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. வீடு வீடாகப் போனாள்.

"வனஜா, ஆடிக்கு எடுத்த சீலையக் கட்டிக்கிட்டு வா. கழுத்துல ஏதாச்சும் போட்டுக்க."

மாசமாக இருந்த வனஜா சிரித்தாள். "பொண்ணு பாக்க வர்றாங்களாக்கா? எனக்கு ஏழு மாசம் ஆச்சுனு சொல்லிப்புடு, அப்புறம் ஏமாத்திப்புட்டோம்பாங்க."

"வெளையாடாத. பெரிய மனுசன் வர்றாரு. மானத்த வாங்கிடாதீங்க."

மானம் என்று சொன்னதும் வஸ்தி சேர்ந்துகொண்டது. வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். பெண்கள் கவரிங் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சீக்குப் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். தவாகானாவில் எப்போதும் நாற்பது பேர் நிற்கும் வரிசையில் அன்று ஒன்பது பேர், ஒன்பது பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி.

அதிகாரி மெலிந்த, மரியாதையான மனிதர். என்ன கஷ்டம் என்று ஒவ்வொருவரிடமும் மராத்தியில் கேட்டார். வீட்டுக்கு வந்தவரிடம் கஷ்டம் சொல்லும் வழக்கம் அந்தச் சனத்துக்குக் கிடையாது. "ஒரு கொறையும் இல்லீங்க, நல்லா இருக்கறமுங்க," என்றார்கள். தமிழரசி அதை அப்படியே மாற்றிச் சொன்னாள். வனஜா மட்டும், "காலு வீங்குதுங்க," என்று ஆரம்பித்தாள். தமிழரசி பார்த்த பார்வையில், "அது புள்ளத்தாச்சிக்கு இருக்கறதுதானுங்க," என்று முடித்துக்கொண்டாள். தமிழரசி அதை மாற்றிச் சொல்லவே இல்லை.

வாசலில் டீ குடிக்கும்போதுதான் பக்கத்து லாரிக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. ஈரத்துணியைக் கிழிப்பது போல நீண்டுகொண்டே போயிற்று. டாக்டர் ஷீலா அதிகாரி வந்ததிலிருந்தே அவர் கேட்ட ஃபைல்களை உள்ளே தேடிக்கொண்டிருந்தாள்.

"யார் அது?" என்றார் அதிகாரி.

தமிழரசி மராத்தியில் சொன்னாள், "நம்ம வஸ்தி ஆள் இல்லை சாஹேப். யாரோ லாரிக்காரன்."

இருமல் பட்டென்று நின்றது. வாயைத் துண்டால் பொத்தியிருக்க வேண்டும். முப்பது வருஷம் மராத்தி மேஸ்திரியிடம் வசவு வாங்கியவருக்கு அந்த வாக்கியம் புரியாமல் போயிருக்க வழியில்லை. மத்தியானம் அவள் போய்க் கூப்பிட்டபோது அவர் கோணிப்பையை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார். "போயிட்டாரா பாப்பா? டீ குடிச்சாரா?" என்றார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. டாக்டர் ஷீலா படித்துவிட்டு அதை மேஜையில் வைத்தாள். சுகாதாரமான சூழல், நல்ல உடை, நகை, குறைவான நோயாளிகள், குறை எதுவும் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே இது பின்தங்கிய பகுதி அல்ல. மானியம் நிறுத்தப்படுகிறது. முப்பது நாளில் மேல்முறையீடு செய்யலாம்.

"அப்படியே இருக்கட்டும்னு சொன்னேனே, தமிழ்," என்றாள் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தமிழரசிக்கு இருந்தது.

அலமாரியில் இருந்த மருந்து மூன்று வாரம் வந்தது. துரைசாமியின் பம்ப் அதற்கு முன்பே தீர்ந்தது. சிஸ்டர் வீட்டுக்கு மட்டும் கிடைக்கிறது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று, கடைசி இரண்டு பம்புகளை அவள் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டாள். அவர் படுப்பதை விட்டார். சுவரில் சாய்ந்தபடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினார். தூங்கினார் என்று அவள்தான் நினைத்துக்கொண்டாள்.

மேல்முறையீட்டுக்கு நோயாளிகளை நேரில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தமிழரசி மறுபடியும் வீடு வீடாகப் போனாள்.

"அன்னிக்கிப் பட்டு கட்டச் சொன்ன. இன்னிக்கிக் கந்தலா?" என்றாள் வனஜா. பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது, காலில் வீக்கம் வடியவில்லை. "ஆபீசருக்கு எந்த வேசம் புடிக்கும்னு கேட்டுக்கிட்டு வாக்கா, கட்டிக்கறோம். உனக்கு நாங்க எப்படி இருந்தாலும் ஆவாது."

பத்துப் பேரைக் கேட்டதில் நாலு பேர் வந்தார்கள். அஞ்சாவது ஆளாகத் துரைசாமி தானாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை அவளுக்கு இல்லை.

அலுவலகம் இரண்டாவது மாடி. மற்ற நாலு பேரும் உள்ளே போய்ப் பேசி முடித்து, அதிகாரி அதை எழுதி முடித்த பிறகும் துரைசாமி படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தார். கடைசியாக மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவர் யார்? உங்கள் வஸ்தியா?" என்றார் அதே அதிகாரி.

அவள் வாயைத் திறப்பதற்குள் துரைசாமி, உடைந்த மராத்தியில், "இல்லை சாஹேப். நான் லாரிக்காரன்," என்றார்.

குத்திக் காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கு மகள் சொன்ன பொய் இன்றைக்கு மாறிப்போனால் அவள் மாட்டிக்கொள்வாளே என்ற பயம்தான் அந்த முகத்தில் இருந்தது. தமிழரசிக்குக் காது மடல் சுட்டது.

"எங்கப்பா, சாஹேப்," என்றாள். "அன்னைக்கு லாரிக்குப் பின்னால் இருமினது இவர்தான். நான்தான் ஒளித்து வைத்தேன். பொய் சொன்னேன். நல்ல சேலை கட்டச் சொன்னதும் நான்தான்."

அதிகாரி பேனாவை மூடினார். "அன்னைக்குச் சொன்னது பொய் என்கிறாய். இன்னைக்குச் சொல்வது நிஜம் என்று நான் எப்படி எழுதுவது?"

அப்போதுதான் துரைசாமிக்கு இருமல் பிடித்தது. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு நீலமாயிற்று, மூச்சு உள்ளே போகாமல் விசில் போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். பியூன் தண்ணீருக்கு ஓடினான். அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

தமிழரசி அவர் முதுகைத் தடவிக்கொண்டே அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இளகுவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இப்போது நின்றுவிடக்கூடாது என்று அவள் மனம் சொன்னது. அதை அவள் தெளிவாகக் கேட்டாள். பெற்ற அப்பன் மூச்சுக்குத் தவிக்கும்போது அவள் நினைத்தது அதுதான்.

கர்ச்சீப்பில் ரத்தம் கலந்த சளி வந்த பிறகு இருமல் ஓய்ந்தது. அதிகாரி நின்றபடியே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். மானியம் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கப்படுகிறது, அடுத்த வருஷம் மறுபடியும் பார்க்கப்படும். "இவரை வெளியே காற்றோட்டமாக உட்கார வையுங்கள்," என்றார்.

திரும்பி வரும்போது மற்றவர்கள் பஸ்ஸின் பின்பக்கம் ஏறிக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்துத் தமிழரசி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏரவாடா தாண்டும் வரை அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"போதுமா பாப்பா?" என்றார்.

தானாக வந்த இருமலா, அவர் வரவழைத்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் வந்து நின்றார். இரண்டு டிக்கெட் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.