பதினொரு வினாடி

விமானக் கட்டுப்பாட்டு அறையின் தலைமை அதிகாரிக்கு முதுகுக்குப் பின்னால் 'கடிகாரம்' என்று பெயர். ஓடுபாதையில் வரிசை நீண்டால் அவருக்குப் பொறுக்காது. ஒரே திசையில் கிளம்பும் இரண்டு விமானங்களுக்கு நடுவே விட வேண்டிய நேரத்தை ஆறு மாதத்துக்கு முன் இரண்டு நிமிடத்திலிருந்து ஒன்றரையாகக் குறைத்தார். வரிசை குறைந்தது. மேலிடம் பாராட்டியது. தொல்லை மட்டும் ரேடார் திரை முன்னால் உட்கார்ந்திருந்தவள் தலையில் விடிந்தது.

நிறைந்த சுமையோடு கிளம்பும் பெரிய விமானம், மாடிப்படியில் மூட்டை தூக்குகிறவன் மாதிரி மெல்லத்தான் ஏறும். பின்னால் வரும் சின்னது விறுவிறுவென்று ஏறி அதன் வயிற்றுக்கடியில் போய் நிற்கும். ஒவ்வொரு முறையும் அவள்தான் பின்னதை ஒதுக்கித் திருப்பிவிடுவாள். நேரத்தைப் பழையபடி இரண்டு நிமிடமாக்கச் சொல்லி அவருக்கு நான்கு கடிதம் எழுதினாள். நான்குக்கும் ஒரே பதில்தான்.

"இதுவரைக்கும் அலாரம் அடிச்சிருக்கா?"

அடிக்கவில்லை. விமானங்களைக் காட்டும் புள்ளிகள் இரண்டு அளவுக்கு மீறி நெருங்கினால்தான் திரையில் அலாரம் அடிக்கும். அடித்தால்தான் அறிக்கை மேலிடத்துக்குப் போகும். அவள் நெருங்கவே விட்டதில்லை. ஒழுங்காக வேலை பார்த்த பாவத்துக்கு அவள் பேச்சு எடுபடவில்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்று முற்பகல் மறுபடியும் அதே கூத்து. முன்னால் பெரியது, பின்னால் சின்னது.

"அக்கா, பின்னாடி வர்றது ரொம்பக் கிட்ட வருது," என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"பாத்துட்டேன்."

விரல் மைக் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. அலாரம் அடித்த பிறகுதான் அழுத்தி, சின்னதை வலப்பக்கம் திருப்பினாள். அது விலகிப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மதியம் கடிகாரம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கணினியில் பதிவை ஓடவிட்டு நிறுத்தினார்.

"பதினொரு வினாடி சும்மா இருந்திருக்கீங்க. உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கல." குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. படிவத்தை நகர்த்தினார். "கவனக்குறைவுன்னு எழுதிடுங்க. பத்து நாள் பயிற்சி, அப்புறம் பழையபடி உங்க சீட்டு. நான் பாத்துக்கறேன்."

"அந்த ஒன்றரை நிமிஷம்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அப்படி எழுதினால் இருக்கை மிஞ்சும், ஒன்றரை நிமிடமும் மிஞ்சும். உள்ளதை எழுதினால் உரிமம் போகும். பதினான்கு வருடப் பிழைப்பு அதோடு சரி. அலாரம் அடித்தால் இந்த மனிதர் மாட்டுவார் என்று நினைத்தவளுக்கு, முதலில் மாட்டப்போவது தான்தான் என்று உறைக்கவே இல்லை. தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"கவனக்குறைவு இல்ல சார். கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அலாரம் அடிக்கட்டும்னு காத்திருந்தேன். நீங்க அது ஒண்ணைத்தானே கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

அவள் சொன்னதை அப்படியே படிவத்தில் எழுதினாள். அடுத்த கட்டத்தில், இரண்டு விமானங்களிலும் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. பட்டியலைப் பார்த்துக் கூட்டினாள். நானூற்று முப்பத்தொன்பது. காத்திருந்த பதினொரு வினாடியில் அவர்களில் ஒருவரைக்கூட அவள் நினைக்கவில்லை. எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடும்போது, உரிமம் போவது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது.