பன்னிரண்டு கறுப்புக் கோட்டுகளும் மூன்று மணிப் படகும்

நாடகத்தில் எனக்கு வேலை பேசாமல் இருப்பது. மேடையின் ஓரம், திரை மறைவில் ஒரு சின்ன நாற்காலி. மடியில் நாடகப் பிரதி. யாராவது வசனத்தை மறந்தால் முதல் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுக்க வேண்டும். மறக்காவிட்டால் மூச்சுகூடச் சத்தமாக விடக் கூடாது. பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை. அங்கே வருகிறவர்களும் வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல்தான் இருப்பார்கள். ஆகவே என் நாட்கள் பெரும்பாலும் அமைதியாகவே கழியும்.

அந்த அமைதிக்குள்தான், வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஊர்மக்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்குவார்களே, அந்த ஜூரிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்து விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலை நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அதே செவ்வாய் இரவு, எதிரே கடலில் தெரியும் தீவில் எங்கள் நாடகம். நாடக விழாவின் இறுதிச் சுற்று. தீவுக்குக் கடைசிப் படகு மூன்று மணிக்கு.

பிரதியை வேறு யாராவது பிடிக்கலாமே என்று நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டார்கள். அவர்களுக்கு ஃபின்பாரைத் தெரியாது.

ஃபின்பார் கில்காலன் எங்கள் ஊர்த் தபால்காரர். இருபது வருடமாக எங்கள் கதாநாயகர். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் அவர் நிறுத்துவார் பாருங்கள், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிவிடலாம். அரங்கமே அசையாமல் காத்திருக்கும். போன வருடம் நான் காய்ச்சலில் கிடந்தபோது வேறொருவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபின்பார் உண்மையில் மறந்துபோய் நின்றபோது, நடிக்கிறார் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார். அடுத்த காட்சியில் ஃபின்பார் நடித்துக்கொண்டு நின்றபோது, மறந்துவிட்டார் என்று பயந்து வசனத்தைக் கத்திவிட்டார். அரங்கம் சிரித்தது. ஃபின்பார் ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் வீட்டுக்குப் போனார். குளிர்காலம் முழுவதும் எங்கள் பக்கமே திரும்பவில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு வந்தார்.

"அந்த மூலைல டெர்வ்லா உட்காருவான்னா வரேன். இல்லன்னா ஆளை விடுங்க."

டெர்வ்லா நான்தான். மறதி எது, நடிப்பு எது என்று எனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிறைந்த மௌனம் என்று ஒன்று உண்டு, காலியான மௌனம் என்று ஒன்று உண்டு. கேட்டுக்கொண்டே இருந்தால் தெரிந்துவிடும்.

விலக்கு வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு எழுதினேன். நேரில் வந்து நீதிபதியிடம் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. திங்கட்கிழமை அட்ராக்டாவின் கடைக்குப் போனேன். அட்ராக்டா டூஹி பத்திரிகைக் கடை வைத்திருக்கிறாள். எங்கள் நாடகத்தின் இயக்குநரும் அவள்தான். கடையையும் அதே குரலில்தான் நடத்துகிறாள்.

"கெஞ்சிக் கேட்டா விட்டுடுவாங்கன்னு நினைச்சியா? வக்கீல் உன்னை வேணாம்னு சொல்லணும்டி. அதுதான் வழி."

"எப்படிச் சொல்ல வைக்கிறது?"

"காரணமே சொல்லாம ஏழு பேரைத் திருப்பி அனுப்பலாம், அது அவன் உரிமை. திருடனுக்கு வாதாடுறவன் யாரைப் பார்த்துப் பயப்படுவான்? சாவு வீட்டுக்குப் போற மாதிரி கறுப்புக் கோட்டு, கக்கத்துல பெரிய மனுஷங்க படிக்கிற டப்ளின் பேப்பர், ஊரையே உள்ள தூக்கிப் போடணும்ங்கிற மூஞ்சி. அதைப் பார்த்தா முதல் ஆளா உன்னை வெளிய அனுப்பிடுவான். எங்க, மூஞ்சியைக் காட்டு."

காட்டினேன்.

"பல்லு வலிக்கிற மாதிரி இருக்கு. போகட்டும், அதுவே போதும்."

பேப்பருக்குக் காசு வாங்கிக்கொண்டாள். "மதியம் நானும் ஃபின்பாரும் வேனோட கோர்ட்டு வாசல்ல நிப்போம். நேரா படகுத்துறை. தெரியுதா?"

செவ்வாய் காலை நீதிமன்றக் கூடத்துக்குள் நுழைந்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வரிசை வரிசையாகக் கறுப்புக் கோட்டுகள். வயல் சேற்றைத் தவிர வேறெதையும் அணிந்து நான் பார்த்திராத மனிதர்கள் கழுத்துப் பட்டை கட்டி, அதை விரலால் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய கக்கத்திலும் டப்ளின் பத்திரிகை.

பக்கத்தில் இருந்தவர் கோர்மக் டஃபி, மாட்டுப் பண்ணைக்காரர். நான் அவருடைய பத்திரிகையைப் பார்த்தேன். அவர் என்னுடையதைப் பார்த்தார்.

"அட்ராக்டாவா?" என்றேன்.

"வேற யாரு? பேப்பரையும் வித்துட்டா, யோசனையையும் வித்துட்டா. எனக்கு மட்டும்தான் சொல்றேன்னா, பாவி."

நீதிபதி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இது நீதிமன்றம்தான். மாதா கோயில் ரெண்டு தெரு தள்ளி இருக்கு" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் முகம் கலைந்துவிடும் என்ற பயம்.

விலக்குக் கேட்பவர்கள் முன்னால் வரலாம் என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் இதை எல்லோர் காதிலும் விழும்படிதான் சொல்ல வேண்டும். அதனால் வேலை இல்லாதவர்கள்கூட அன்று காலை வேடிக்கை பார்க்க வந்து பின் பெஞ்சுகளில் உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் சவ அடக்கம் நடத்தித் தரும் கானரி போனார்.

"நாளைக்கு ஒரு அடக்கம் இருக்குங்க ஐயா."

"யாருடையது?"

கானரி தயங்கினார். "அவங்க இன்னும் போகலை ஐயா. ஆனா மருமக போன் பண்ணி நாளைக்கு ஓய்வா இருப்பீங்களான்னு கேட்டா."

"அவங்க நல்லா இருக்கட்டும். நீங்க உட்காருங்க."

அடுத்து ஓர் அம்மாள். "எனக்கு முடிவு எடுக்கவே வராதுங்க. சமையலறைக்கு என்ன கலர் அடிக்கிறதுன்னு நாலு வருஷமா யோசிக்கிறேன்."

"இங்க பன்னெண்டு பேர் சேர்ந்துதான் முடிவு எடுப்பீங்க. கலரையும் அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்."

பிறகு நான். அட்ராக்டாவின் யோசனை ஊருக்கே விற்கப்பட்டுவிட்டதால் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். சொன்னேன். நாடகம், தீவு, மூன்று மணிப் படகு.

"நீங்க கதாநாயகியா?"

"இல்லைங்க ஐயா. நான் மேடைக்கே வர மாட்டேன்."

"பின்னே?"

"யாராவது மறந்துட்டா எடுத்துக் கொடுப்பேன்."

"யாரும் மறக்கலன்னா?"

"சும்மா உட்கார்ந்திருப்பேன்."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அவர் யோசித்தார், நான் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குக் கஷ்டமில்லை.

"நாடகத்துக்கு உங்களை விட்டா, கால்பந்துக்கு இன்னொருத்தரை விடணும்மா. அது நியாயமில்லை. உங்க பேரு வராமலும் போகலாம். உட்காருங்க" என்றார். அன்போடுதான் சொன்னார். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

பெட்டியைக் குலுக்கிப் பெயர்களை எடுக்கத் தொடங்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் இளைஞர். முதலில் எழுந்து வந்த கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கி "ஆட்சேபம்" என்றார். அந்த ஆள் வாயெல்லாம் பல்லாக வெளியே போனார். இரண்டாவது கறுப்புக் கோட்டுக்கும் ஆட்சேபம். மூன்றாவதற்கும். அரசுத் தரப்பு வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்நாளில் இப்படிப்பட்ட ஜூரியைப் பார்த்திருக்க மாட்டார். ஏழாவது ஆட்சேபத்தில் கானரி தப்பித்தார்.

எட்டாவதாக என் பெயர்.

இளம் வக்கீல் என்னைப் பார்த்தார். என் கோட்டு, என் பத்திரிகை, என் பல்வலி முகம். வாயைத் திறந்தார். ஏழும் முடிந்துவிட்டது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். உலகத்தில் அந்த நிமிடம் எங்கள் இரண்டு பேருக்கும்தான் ஒரே கவலை.

பைபிளைக் கையில் கொடுத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். பாதியில் கூடத்தின் கதவு திறந்தது. ஃபின்பார் உள்ளே வந்தார். வேனில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பார்க்க வந்திருக்கிறார். குற்றவாளிக் கூண்டுக்கு நேர் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உறுதிமொழியைச் சொல்லி முடித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்து, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். படகில் ஏறப் போவதில்லை, இன்றைக்கு மட்டுமில்லை, இனி எப்போதுமே மேடை ஏறப் போவதில்லை என்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஜூரியில் உட்கார்ந்தவர் வெளியாரிடம் பேசக் கூடாது. நான் அவரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எனக்குப் பின் வந்தவர்களும் கறுப்புக் கோட்டுகளே. பன்னிரண்டாவது ஆளாகக் கோர்மக் டஃபி வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "எம் மாடு இன்னிக்குக் கன்னு போடுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

வழக்கைப் படித்தார்கள். டோனல் மங்கன் என்பவர், மாவட்டத்தின் மறுகோடிக்காரர், பக்கத்துப் பண்ணையின் இரண்டு செம்மறிக் கிடாக்களை ஓட்டிக்கொண்டு போய், கம்பளியில் இருந்த சொந்தக்காரரின் சிவப்பு அடையாளத்தின் மேல் தன்னுடைய நீலத்தைப் பூசிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை மூன்று நாள் நடக்கும் என்றார்கள். அதைக் கேட்டதும் எங்கள் பன்னிரண்டு முகங்களும் இன்னும் இருண்டன.

மங்கன் எங்களைப் பார்த்தார். ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். கன்று போடும் மாடு, அறுக்காத புல், தனியாகத் திறந்து கிடக்கும் கடை, இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தன்னை ஏற்கெனவே புதைத்துவிட்டு வந்தவர்கள் போலத்தான் நாங்கள் தெரிந்திருப்போம். கடைசியில் என்னிடம் வந்து நின்றார். நான் அவருக்குப் பின்னால் இருந்த ஃபின்பாரைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கன் தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சட்டைக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து வக்கீலைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. வக்கீல் எழுந்து இடைவேளை கேட்டார். எங்களை ஜூரி அறையில் உட்கார வைத்தார்கள். தேநீர் வந்தது. யாரும் தொடவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியது.

திரும்ப அழைத்தபோது மங்கன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"குற்றத்தை ஒத்துக்கிறேங்க. நீலம் பூசினதும் நான்தான்" என்றார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

கோர்மக் என் முழங்கையில் இடித்தார். "நாம இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலியே!"

நீதிபதி எங்களுக்கு நன்றி சொல்லி, போகலாம் என்றார். கூட்டம் எழுந்தது. என்னைப் பார்த்து, "அந்தப் படகு இருக்கா, போயிடுச்சா?" என்று கேட்டார்.

"மூணு மணிக்குங்க ஐயா."

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"

வாசலில் அட்ராக்டா வேனை ஓட விட்டபடி நின்றாள். "சொன்னேன்ல, என் யோசனை வேலை செய்யும்னு!" என்றாள். வேனுக்குள் ஏறிய பிறகு கோர்மக்கின் பெயரைச் சொல்லி, இன்னும் எத்தனை பேருக்கு இதை விற்றாய் என்று கேட்டேன். படகுத்துறை வரைக்கும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். ஃபின்பார் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஏறினோம்.

தீவின் கூடம் நிரம்பியிருந்தது. முதல் இரண்டு அங்கங்களும் தடங்கலில்லாமல் ஓடின. மூன்றாம் அங்கத்தில், மகன் ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்ல, அப்பாவாக நிற்கும் ஃபின்பார் பதில் சொல்ல வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பினார். நின்றார்.

நான் விரலை வரியின் மேல் வைத்திருந்தேன். பூட்ஸ் கயிறு கட்டும் நேரம் போனது. இன்னும் பேசவில்லை. இரண்டாவது பூட்ஸும் கட்டியாயிற்று. எதிர்ப்புற மறைவிலிருந்து அட்ராக்டா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்: கொடு, கொடு. மகனாக நடித்தவரின் கண் மெல்ல என் மூலைக்கு வந்தது. நான் கேட்டேன். கூடத்தில் ஒரு இருமல் இல்லை, நாற்காலி கிறீச்சிடவில்லை. அந்த மௌனம் விளிம்பு வரை நிறைந்திருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை.

"சரி, போயிட்டு வா. கதவைச் சாத்திக்கிட்டுப் போ" என்றார் ஃபின்பார். எங்கோ ஒரு பெண் விம்மினாள்.

நாடகம் முடிந்ததும், வழக்கப்படி விழாவின் நடுவர் மேடையேறி எல்லோர் முன்னாலும் குறை நிறை சொன்னார். விளக்கைக் குறை சொன்னார், ஒட்டுத் தாடியைக் குறை சொன்னார். ஜன்னல் பக்கம் நின்ற அந்த மௌனத்தைப் பற்றி மட்டும், இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்றார். மௌனத்தைக் கேட்டேன் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நானும் ஃபின்பாரும் கூடத்துக்கு வெளியே கல்சுவரில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டோம்.

"அந்த இடத்துல எனக்கு சுத்தமா மறந்துபோச்சு" என்றார் அவர்.

நான் சாண்ட்விச்சைச் சுவர் மேல் வைத்துவிட்டேன். "என்னது? நான் நடிப்புன்னுல்ல நினைச்சேன்!"

"தெரியும். ஒரு வார்த்தைகூட வரலை மண்டைல. சரி, இப்ப டெர்வ்லா கொடுப்பான்னு நின்னேன். நீ கொடுக்கலை. இன்னும் கொஞ்சம் நின்னேன். அப்பவும் கொடுக்கலை."

"ஐயையோ, ஃபின்பார்."

"இவ சொல்லலைன்னா நான் மறந்திருக்க முடியாதேன்னு தோணுச்சு" என்றார். "அப்புறம் பார்த்தா, நான் மறக்கலை."