அறுநூறால் வகுத்த வேகம்

மூன்று வாரத்தில் பதினேழு முறை காகிதம் அறுந்துவிட்டது. பெரிய உருளையிலிருந்து சின்ன உருளைக்குக் காகிதம் சுற்றும் அந்த இயந்திரத்தை ஓட்டுபவன் அவள் கணவன். அவள் அதே ஆலையின் எலக்ட்ரீஷியன். நான்கு மணிக்குள் காரணம் தெரியாவிட்டால், நாளை முதல் அவன் லாரிக்கு லோடு ஏற்றப் போக வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"திரையில நிமிஷத்துக்கு ஐந்நூறு சுற்றுன்னு காட்டுது. ஆனா இது ஐந்நூறுல ஓடுற சத்தமே இல்ல," என்றான் அவன்.

"இதையே சொல்லிக்கிட்டு இருங்க. மேனேஜர் மாலை போட்டு உட்கார வைப்பாரு."

"மாலை வேண்டாம், ஒரு நாற்காலி போட்டா போதும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து எல்லா ஒயரையும் இழுத்துப் பார்த்தாயிற்று. முதுகு விண்விண் என்றது. மணி மூன்று.

"ஐம்பதுல வச்சு ஓட்டுங்க," என்றாள்.

உருளையைச் சுழற்றும் தண்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கோடு மேலே வருவதை எண்ணினாள். அந்த வெள்ளைக் கோடு, கரையே இல்லாத ஒரு குளத்தில் முங்கி முங்கி எழுவதுபோல் இருந்தது. ஒரு நிமிடத்தில் அறுபது சுற்று. மறுபடி எண்ணினாள். அறுபதுதான்.

திரை ஐம்பது என்றது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தண்டின் முனையிலிருக்கும் என்கோடர், ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை மின்துடிப்பு என்று அனுப்பும். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. என்ற கணினிப் பெட்டி அவற்றை எண்ணி, வகுத்து, வேகம் சொல்லும். பழைய என்கோடர் சுற்றுக்கு அறுநூறு துடிப்பு அனுப்பியது. அது பழுதானபோது ஸ்டோரில் இருந்தது ஐந்நூறு துடிப்புக்காரன். மூன்று வாரத்துக்கு முன் அதை மாட்டியது அவள்தான். புரோகிராமில் அறுநூறை மாற்ற மறந்திருந்தாள். துடிப்பு குறைவாக வர, இயந்திரம் மெதுவாக ஓடுவதாக நினைத்துக்கொண்டு பி.எல்.சி. அதை விரட்டியிருக்கிறது. திரையில் ஐந்நூறு என்றால் நிஜத்தில் அறுநூறு. அந்த வேகத்தைக் காகிதம் தாங்கவில்லை.

மேலாளர் அறையில் நின்றபடியே சொன்னாள்.

"யாரு மாட்டினது?"

ஸ்டோரைக் கைகாட்டியிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டும்.

"நான்தான் சார்."

திரும்பி வந்து எண்ணை மாற்றினாள்.

"என்ன சொன்னாரு?"

"நீங்க இங்கேயே இருக்கலாம். எனக்கு மெமோ."

அவன் புது உருளையை மாட்டி ஓட்டினான். ஐந்நூறு. காகிதம் தளராமல், இழுபடாமல் போயிற்று.

"நீங்க கண்ணசந்திருப்பீங்கன்னுதான் நானும் நினைச்சேன்," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டவே நேரம் பத்தல. இதுல உன்கிட்ட வேறயா?"

அவன் கண்கள் காகிதத்தை விட்டு நகரவில்லை. அவள் பக்கத்தில் நின்றாள். உருளை முழுதாய் நிறையும்வரை அவளும் அதையே பார்த்திருந்தாள்.