மூடை கிடந்த வீடு

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிற ஆளை, குடும்பத்தோடு மில் கேன்டீனுக்குப் படம் பார்க்க வரச்சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் வெள்ளத்தாய்க்குப் பட்டது. குடோனில் நூல் மூடைகள் கணக்கில் குறைந்து, பழி தன்மேல் விழுந்ததிலிருந்து அவள் புருஷன் கருத்தையா வீட்டில்தான் இருக்கிறான்; அவள் மட்டும் வைண்டிங் செக்சனில் நூல் சுற்றப் போய் வருகிறாள். திங்கட்கிழமை விசாரணை. முந்தின நாள் ஞாயிறு, பிள்ளைகளுக்கென்று கார்ட்டூன் படம்.

"துப்பறியுத படமாம்," என்றான் கருத்தையா, சட்டையை மாட்டிக்கொண்டே. "போகலைன்னா அதையும் ஒரு குத்தமா எழுதுவாக."

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு எடுத்த டிவியும் வீடியோ டெக்கும் சாப்பாட்டு மேசைமேல் ஏறியிருந்தன. படம் இங்கிலீஷ். வழக்கம்போல டைம் ஆபீஸ் கிளார்க் ஞானதுரை மைக்கைப் பிடித்து, படம் ஓட ஓடக் கதை சொன்னார். லேபர் ஆபீசர் முன்வரிசை நாற்காலியில்.

மிருகங்களின் ஊர். களஞ்சியத்தில் தானிய மூடைகள் காணாமல் போகின்றன. வெள்ளை முயல் துப்பறிகிறது. வெள்ளத்தாய் படத்தைவிட ஞானதுரையின் குரலைத்தான் கவனித்தாள். முயலும், களஞ்சியத்தைக் காவல் காக்கிற பூனையும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ் பேசின. சாக்கடையோரம் குடியிருந்த கறுத்த எலிகள் மட்டும் "ஏலே, பொறவு வாரேன்" என்றன. வெள்ளைக்காரன் எடுத்த படத்தில் எலிகளுக்கு இந்தப் பேச்சைக் கொடுத்தது யார்? பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன, வெள்ளத்தாயின் மகளும் சேர்ந்து. தங்கள் அப்பன்மாரைப் போலவே எலி பேசியதில் அவர்களுக்குச் சந்தோஷம்.

பாதியிலேயே ஞானதுரை அவசரப்பட்டுவிட்டார். களஞ்சியத்துச் சுவரோரம் ஒரு எலி ஒளிந்து நிற்பது தெரிந்ததும், "இவன்தான் திருடன். கூடவே வேலை பாத்துக்கிட்டுத் திருடியிருக்கான்," என்றார். ஆபீசர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். கருத்தையா தரையைப் பார்த்தான்.

அந்தப் படத்தை ஞானதுரை கடைசிவரை பார்த்ததில்லை என்பது பிறகுதான் விளங்கியது. முயல் ஒரு வீட்டுக்குள் புகுந்து, கட்டிலின் விரிப்பைத் தூக்கியது. அடியில் மூடைகள். மேலே படுத்திருந்தது பூனை.

ஞானதுரை மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எலி திருடினத பூனை மீட்டு, பத்திரமா வச்சிருக்கு," என்றார்.

"பொறவு எதுக்கு சார் பூனைக்கு வெலங்கு மாட்டுதாக?"

கேட்டது தான்தான் என்று வெள்ளத்தாய்க்கு உறைக்கச் சற்று நேரமானது.

"ஏட்டி, சும்மா இரு," என்றான் கருத்தையா, உதடு அசையாமல்.

"பூனையவும் பத்திரமா வைக்கத்தான்," என்றது பின்வரிசையில் ஒரு குரல். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. ஆபீசர் கையை அசைத்தார், டிவி அணைந்தது. அவர் எழுந்து, அவளை முழுசாகப் பார்த்துவிட்டு, ஞானதுரையிடம் கேட்டார்: "இந்தப் பொம்பள எந்த செக்சன்?"

"வைண்டிங், சார்."

வெளியே போகும்போது கேட்டில் வாட்ச்மேன் மொக்கைச்சாமி அவள் கையிலிருந்த வயர் கூடையை வாங்கித் துழாவினார். கருத்தையா வேலைக்குப் போன நாட்களின் வழக்கம் மாறாமல் சோதனைக்கு இரண்டு கைகளையும் தூக்கி நின்றான். அவனைப் பார்த்து மகளும் தூக்கினாள். பின்னால் ஆபீசரின் ஜீப் ஹாரன் அடித்தது. மொக்கைச்சாமி கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்தார்.

ஜீப் நிற்காமல் போனது. பின்பக்கம் கட்டியிருந்த தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது. தூக்கிய கைகளை இறக்காமலே, மகள் குனிந்து, படத்து முயல் கட்டிலுக்கடியில் பார்த்ததுபோல அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.